தேரோடும் வீதியில் கார் ஓடிய காலம்

திருச்சிக்கு வடக்கே ஒரு டோல்கேட், தெற்கே ஒரு டோல்கேட். கொள்ளிடத்துக்கு அக்கரையில் நம்பர் ஒன் டோல்கேட். புதுக்கோட்டைச் சாலையில் டி.வி.எஸ். டோல்கேட். சுங்கக் கதவுகள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. கண்டக்டர்கள் இன்றும் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் விசில் கொடுக்கிறார்கள். உச்சிப்பிள்ளையார், அரங்கன், காவிரி என்று பழம்பெருமை பேசும் ஊர், தன் தெற்கு வாசலை ஒரு மோட்டார் கம்பெனியின் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட்டது. இந்த ஊரின் கார் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912 வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர். பின்னாளில் அவருடைய நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது. அந்த அமெரிக்கக் கம்பெனி 1928-ல் பம்பாயில் தொழிற்சாலை திறந்தது. கப்பலில் உதிரியாக வந்திறங்கிய செவர்லேயும் பியூக்கும் அங்கே பூட்டப்பட்டு நாடு முழுக்கப் போயின. நம் பக்கத்தில் அவற்றை வாங்கக்கூடியவர்கள் யார் என்று யோசித்தால் திருச்சியின் அதிர்ஷ்டம் புரியும். கிழக்கே தஞ்சை டெல்டாவின் மிராசுதார்கள், தெற்கே புதுக்கோட்டை சமஸ்தானம், அதற்கும் கீழே செட்டிநாடு. இவர்கள் எல்லோருக்கும் கோர்ட்டு, ஆஸ்பத்திரி, காலேஜ், ரயில் ஜங்ஷன் என்று ஏதாவது ஒரு வேலை திருச்சியில் இருந்தது. அதனால்தான் இந்த ஊர்த் தெருக்கள், ஊரின் வசதிக்கு மீறிய கார்களைப் பார்த்தன. கார் வாங்காதவர்களும் கார் பார்த்து வளர்ந்த ஊர் இது.

யுத்தம் வந்தது, பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அப்போது கரி அடுப்பைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. டி.வி.எஸ். நிறுவனமே அந்த 'கேஸ் பிளான்ட்'டைத் தயாரித்தது. தகரத் தொட்டியில் அடுப்புக்கரியைப் போட்டு, போதாத காற்றில் புகைய விட்டு, அதில் எழும் வாயுவை வடிகட்டி என்ஜினுக்குக் கொடுப்பார்கள். வண்டி கிளம்பவே வெகுநேரம் பிடிக்கும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். டிரைவரின் வேட்டி சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். ஆனாலும் ஓடியது. காரை அதன் கம்பெனி செய்த மாதிரியே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களுக்கு அன்றிலிருந்தே கிடையாது. இந்தக் கட்டுரையின் கார்கள் பிழைத்துக் கிடந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜானவாசக் கார்

ஸ்ரீரங்கத்தின் வீதிகள் தேருக்காக அளந்து போட்டவை. சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடும், தைத் தேர் உத்திர வீதியில் ஓடும். நாலு பக்கமும் நேர்கோடு, நாலு மூலையிலும் திரும்ப இடம். டெட்ராய்ட்டில் எட்டு சிலிண்டர் காரை வரைந்தவர்கள் இந்த ஊரைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆற்றுக்கு அக்கரையில் சின்னக்கடைத் தெருவில் நுழைந்தால் இரண்டு பக்கக் கடைத் திண்ணைகளையும் உரசும் பியூக், வடக்கு சித்திரை வீதியில் ராஜா மாதிரி போகும்.

அந்த மாதிரிக் கார்கள் எங்களுக்குக் கிட்டத்தில் கிடைத்தது கல்யாணக் காலத்தில். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜானவாசம். அதற்கென்றே மேற்கூரை மடங்கும் பழைய அமெரிக்க வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர்கள் இருந்தார்கள். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, கழுத்து கொள்ளாத மாலையோடு மாப்பிள்ளை பின்சீட்டில் உட்காருவார். கோட்டு பெரும்பாலும் பெண்வீட்டார் எடுத்துக் கொடுத்தது. அளவு சரியாக இருக்காது. அவரைச் சுற்றி இரண்டு வீட்டுப் பொடிசுகளும் ஏறிக்கொள்ளும். சீட்டின் மேல் விளிம்பு, மடித்துவைத்த கூரைத் துணி, டிக்கி மூடி என்று கால் வைக்க இடம் கிடைத்த இடமெல்லாம் குழந்தைகள். மாப்பிள்ளையின் மடியிலும் ஒன்று இருக்கும். அது யார் வீட்டுக் குழந்தை என்று அவருக்கே தெரியாது.

முன்னால் நாகஸ்வர கோஷ்டி, பக்கத்தில் தலையில் காஸ் லைட் சுமந்தவர்கள், நடுவில் கார். இந்த வரிசையில் வேகத்தைத் தீர்மானிப்பவர் நாகஸ்வரக்காரர். வீதி மூலையில் நின்று அவர் ஒரு ராகத்தை விரித்தார் என்றால், கார் நிற்க வேண்டும், என்ஜினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரசிகர்கள் கூடிவிட்டால் அரை மணி கூட ஆகும். தோடி எங்களுக்குச் சுகம், டிரைவருக்கு நரகம். அந்தக் காலத்துக் காரில் ரேடியேட்டர் விசிறியை என்ஜினே பெல்ட்டால் சுற்றும். என்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். வண்டி நகராததால் எதிர்க்காற்றும் கிடையாது. எண்பது மைல் வேகத்தில் சூடாகாத என்ஜின், மணிக்கு ஒரு மைல் வேகத்தில் கொதிக்கும். நகர்ந்தாலோ ஃபர்ஸ்ட் கியரில் ஹாஃப் கிளட்ச். மல்லிகை, சந்தனம், கிளட்ச் பிளேட் கருகும் வாடை மூன்றும் கலந்ததுதான் எனக்கு ஜானவாசம்.

தெற்கு வீதி திரும்புவதற்குள் ரேடியேட்டர் பொங்கிவிடும். டிரைவர் இறங்கி, சாக்கை நனைத்து மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறப்பார். ஆவி பானெட்டைத் தாண்டி எழும்பும். அதற்குள் பக்கத்து வீட்டு மாமி ஒருத்தர் கேட்காமலே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருப்பார். "சாமி, நீங்க இறங்க வேண்டாம், அப்படியே இருங்க" என்று மாப்பிள்ளைக்கு டிரைவர் உத்தரவு போடுவார். ஜானவாசத்தில் மாப்பிள்ளையை அதட்ட உரிமை உள்ள ஒரே ஆள் அவர்தான்.

இந்தக் கார்களை எல்லோரும் 'செவர்லே' என்றே சொன்னோம். அதில் டாட்ஜ் இருந்தது, பிளைமவுத் இருந்தது, இன்னதென்று தெரியாததும் இருந்தது. 1950-களில் மத்திய அரசு, இங்கேயே உதிரிபாகம் செய்யத் திட்டமில்லாத கம்பெனிகள் வண்டி பூட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. 1954-ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. ஆகவே எங்கள் ஜானவாசக் கார்களுக்கெல்லாம் ஏறத்தாழ ஒரே வயது. அவற்றுக்குத் தம்பிகள் பிறக்கவில்லை. எழுபதுகளில் அவை ஸ்ரீரங்கத்தைச் சுற்றி வந்தபோது கால் நூற்றாண்டு தாண்டிய கிழங்கள்.

திறந்து பார்த்தால் உள்ளே இன்னொரு கதை. எட்டு சிலிண்டரோ ஆறு சிலிண்டரோ, ஒரிஜினல் என்ஜின் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. கட்டுப்படி ஆகுமா? சென்னை சிம்ஸன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களைத் தயாரித்துக்கொண்டிருந்தது. பிளைமவுத்தின் வயிற்றிலிருந்து பழசைக் கழற்றிவிட்டுப் பெர்கின்ஸைப் பூட்டினார்கள். பின்னாளில் மெட்டடார் வேனின் என்ஜினும் வந்து உட்கார்ந்தது. வெளியே அமெரிக்க நிக்கல், உள்ளே லாரிச் சத்தம். நாகஸ்வரத்துக்குத் தாளம் தவிலா, அந்த டீசலா என்று சந்தேகம் வரும்.

கோட்டைக்குள் புகுந்த ஹெரால்டு

ஆற்றைத் தாண்டினால் விஷயம் வேறு. மெயின்கார்டு கேட்டுக்குள் நுழைந்து தெப்பக்குளத்தைச் சுற்றி, நந்தி கோயில் தெரு, பெரிய கடைவீதி, சின்னக்கடைத் தெரு என்று போகிறவருக்குக் குட்டி வண்டிதான் லாயக்கு. ஆரம்பத்தில் பேபி ஆஸ்டின், மோரிஸ் மைனர். மோரிஸில் திரும்புவதற்கு முன்னால் கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து ஒரு சின்னக் கைகாட்டி வெளியே நீளும். அது பாதி நாள் நீளாது. டிரைவர் உள்ளிருந்து ஒரு குத்து விட்டால் நீளும். மருந்துப் பையோடு வீடு வீடாகப் போன டாக்டர்களின் வண்டி அது. தெருவில் மோரிஸ் நின்றால் யாருக்கோ ஜுரம் முற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் வந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தமிழ்நாட்டிலேயே செய்த கார் என்பதால் இதன் மேல் எனக்குத் தனி வாஞ்சை உண்டு. இங்கிலாந்தின் டிரயம்ஃப் ஹெரால்டை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் சென்னையில் தயாரித்தது. வண்டலூர்ப் பக்கம் இருந்த அதன் தொழிற்சாலையைத் தாண்டாமல் திருச்சிக்காரர்கள் மெட்ராஸுக்குள் நுழைய முடியாது. 948 சி.சி. என்ஜின், முதலில் இரண்டு கதவு, பிறகு மார்க் த்ரீயில் நாலு கதவு. இந்தக் காரின் பெருமை அதன் முன்சக்கரம். கிட்டத்தட்ட முழுசாக மடங்கி, 25 அடி விட்டத்துக்குள் ஒரே சுற்றில் திரும்பிவிடும். அம்பாசிடர்காரர் சின்னக்கடைத் தெருவில் முன்னும் பின்னும் போய் நாலு பேரிடம் வசவு வாங்கும் இடத்தில், ஹெரால்டுக்காரர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். வக்கீல்கள், காலேஜ் புரொஃபசர்கள், நகைக்கடைக்காரர்கள் அதை விரும்பியதற்கு அழகு மட்டும் காரணம் இல்லை.

மெக்கானிக்குகளுக்கும் ஹெரால்டு செல்லப்பிள்ளை. பானெட், மட்கார்டு, விளக்கு என்று முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்துவிடும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கார்பரேட்டரைப் பிரிக்கலாம். குறையும் உண்டு. பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பு. வேகமாக ஒரு வளைவில் திருப்பி, நடுவில் ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் காலை மடக்கிக்கொள்ளும். பஞ்சப்பூரைத் தாண்டி மதுரைச் சாலையில் இதைத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

அதே கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை இறக்கியது. இங்கிலாந்து ரோவரின் உடம்பு, பழைய காலத்து என்ஜின், பெரிய விலை. 1988-ல் தொழிற்சாலை மூடிவிட்டது. நல்ல குட்டிக் காரைச் செய்யத் தெரிந்தவர்கள் எதற்காகப் பெரிய காருக்கு ஆசைப்பட்டார்கள் என்று இன்றும் ஆற்றாமை உண்டு எனக்கு.

ஒருத்தர் வாங்கியது, தெரு ஓட்டியது

அம்பாசிடரைப் பற்றி எழுதும்போது எல்லோருக்கும் கண் கலங்குகிறது. எனக்குக் கலங்கவில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது வரிசையை வாங்கி, 1950-களின் கடைசியில் கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் தயாரிக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்துக்காரன் அந்த மாடலை 1959-லேயே நிறுத்திவிட்டான். நாம் 2014 மே மாதம் வரை செய்தோம். நடுவில் மார்க் டூ, மார்க் த்ரீ, மார்க் ஃபோர், நோவா என்று மூக்கை மாற்றினோம், உடம்பு அதேதான். அது மகத்தான கார் என்பதால் அரை நூற்றாண்டு ஓடவில்லை. வேறு கிடைக்காததால் ஓடியது.

கிடைக்காமை என்றால் என்ன என்று இன்று விளக்குவது கஷ்டம். 1960-களிலும் 70-களிலும் இந்தியா முழுமைக்கும் வருஷத்துக்கு 50,000 கார் கூட உற்பத்தி இல்லை. மூன்றே கம்பெனி: ஹிந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. விலையை 1969-ல் அரசாங்கமே நிர்ணயித்தது. மூன்றும் 15,000 ரூபாயை ஒட்டியே நின்றன. பணம் கையில் இருந்தாலும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதிலும் ஃபியட்டுக்குக் கூட்டம் அதிகம். அலாட்மென்ட் கடுதாசி வந்த வீட்டில் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல். நேராக சமயபுரத்துக்கு ஓட்டிப் போய், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டிய பிறகுதான் வீட்டுக்கு வரும்.

வந்ததும் அது தெருவின் சொத்து. இதற்கு ஒரு எழுதாத சட்டம் இருந்தது. பிரசவ வலி, மாரடைப்பு என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி எந்நேரமும் கதவைத் தட்டலாம். கல்யாணம் என்றால் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும். பெட்ரோல் போடுவது கடன் வாங்கியவர் கடமை. டிரைவர் படியும் சாப்பாடும் அவருடையதே. எவ்வளவு பெட்ரோல் போட்டோம் என்று வாய்திறந்து சொல்லக் கூடாது. முள் காட்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். சொந்தக் கார் என்று அங்கே போய்ச் சொல்லிவிட்டால் பிற்பாடு தர்மசங்கடம்.

இந்த உபயோகத்துக்கு அம்பாசிடரை விடச் சிறந்த வண்டி உலகத்தில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்சீட்டு நீளப் பலகை. கியர் ஸ்டியரிங் கழுத்தில் இருப்பதால் நடுவில் காலுக்குத் தடை இல்லை. முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், பின்னால் நாலு பெரியவர்கள், மடியில் குழந்தைகள். மேலே கேரியரில் அண்டா, ஜமக்காளம், வாழைக்குலை. டிக்கியில் மீதிச் சீர். பின்னால் பட்டை ஸ்பிரிங். எவ்வளவு ஏற்றினாலும் அடி தட்டும், உடையாது. திருச்சி கலெக்டர் ஆபீஸில் சிவப்பு விளக்கோடு வெள்ளையாக நின்றதும் அதுதான், ஜங்ஷன் ஸ்டாண்டில் டாக்சியாக நின்றதும் அதுதான். ஆட்சியையும் வாடகையையும் ஒரே வண்டியில் பார்த்த தலைமுறை நாங்கள்.

முதலமைச்சராக இருந்தபோதும் எம்.ஜி.ஆரின் கார் அம்பாசிடர்; டி.எம்.எக்ஸ். 4777 என்ற அந்த எண் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. இன்று அது தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. 1980-களின் ஆரம்பத்தில் தலைநகரத்தையே திருச்சிக்குக் கொண்டுவர அவர் நினைத்தார். உறையூர்ப் பக்கம் ஒரு பங்களாவும் வாங்கினார். தலைநகரம் வரவில்லை. வந்திருந்தால் 4777 தினமும் தில்லை நகரில் டிராஃபிக்கை நிறுத்தியிருக்கும். நாம் இன்று வேறு மாதிரிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்போம்.

சினிமாக்காரர்களைச் சொன்னால் இன்னொருவரை விடக் கூடாது. கடைசிக் காலத்தில் திருச்சியில் வாழ்ந்து, 1979 செப்டம்பரில் இங்கேயே மறைந்த எம்.ஆர். ராதா. சினிமா உலகமே ஏங்கிய இம்பாலா காரை வாங்கி, அதில் தன் மாடுகளுக்கு வைக்கோல் ஏற்றினார் என்பது தமிழ்நாடு பூராவும் சொல்லப்படும் கதை. படகு மாதிரி நீண்ட அந்தக் கார், ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியாவை விட்டுப் போன பிறகு பிறந்தது. இங்கே வந்த ஒவ்வொன்றும் இறக்குமதி. அந்தஸ்தின் உச்சம். அதன் மேல் வைக்கோல்! பகுத்தறிவுப் பிரசாரத்துக்கு மேடைதான் வேண்டும் என்பதில்லை.

பொன்மலைக் கைகள்

இத்தனை வண்டியும் இத்தனை வருஷம் ஓடியதற்குக் காரணம் கம்பெனிகள் அல்ல. உதிரிபாகம் வர மாதக்கணக்காகும் காலத்தில் வண்டியை ஓட வைத்தது இந்த ஊரின் லேத்துப் பட்டறைகள். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாறி 1928-ல் முழுமூச்சாக இயங்கத் தொடங்கியது. 1965-ல் திருவெறும்பூரில் பி.எச்.இ.எல். பாய்லர் தொழிற்சாலை வந்தது, அதை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் பட்டறைகள் முளைத்தன. நீராவி என்ஜினின் தாங்கியைக் கடைந்த கைக்கும், கொதிகலன் குழாயை வெல்டிங் செய்த கைக்கும் ஒரு கார் என்ன பெரிய விஷயம்? கிங் பின் தேய்ந்ததா, கடைந்து கொடுப்பார்கள். புஷ் போனதா, வெண்கலத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். கேஸ்கெட் கிடைக்கவில்லையா, தக்கைத் தாளில் வெட்டிக் கொடுப்பார்கள். பொருத்தமான சாமான் என்பது அவர்கள் அகராதியில் இல்லை. பொருந்துகிற சாமான் உண்டு.

மெக்கானிக் ஷெட்டுக்கும் ஒரு குருகுல ஒழுங்கு இருந்தது. புதுப்பையன் முதல் வருஷம் மண்ணெண்ணெயில் போல்ட் கழுவுவான். அடுத்து டயர் கழற்றலாம். 'பாயின்ட்' தொட அனுமதி கிடைத்தால் பாதி மெக்கானிக். சிகரெட் அட்டையைக் கிழித்து இடைவெளி பார்த்து டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைச் சரிசெய்வார் ஆசான். "அண்ணே, டைமிங் அடிக்குது" என்று பையன் சொல்வதற்குள் அவர் காதிலேயே கண்டுபிடித்திருப்பார். டிங்கரிங் ஆள் தனி, பெயின்டர் தனி, சீட்டுத் தைக்கிறவர் தனி. எல்லோரும் ஒரே வேப்ப மரத்தடியில்.

திருச்சி வெயிலுக்கென்று ஒரு வியாதியும் உண்டு. அக்னி நட்சத்திரத்தில் அம்பாசிடரும் ஃபியட்டும் பாலக்கரையிலோ ஜங்ஷன் மேம்பாலத்திலோ திடீரென்று நின்றுவிடும். செல்ஃப் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. என்ஜினை ஒட்டியுள்ள பம்ப்பில் பெட்ரோல் சூடேறி ஆவியாகிவிடும். ஆவியை அந்தப் பம்ப்பால் தள்ள முடியாது. 'ஏர் லாக்' என்பார்கள். வைத்தியம் எளிது. துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றிவிட்டு, ஒரு நன்னாரி சர்பத் குடித்துவிட்டு வந்தால் வண்டி கிளம்பிவிடும். அனுபவசாலிகள் சித்திரை பிறந்ததும் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டேதான் புறப்படுவார்கள்.

மெட்ராஸ் பயணம் இதனால்தான் ஒரு யாத்திரை. முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, காவிரி தாண்டி, கொள்ளிடத்தின் 1928-ம் வருஷத்து இரும்புப் பாலத்தில் தடதடத்து, சமயபுரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பாடாலூர் வரும்போது வெளுக்கும். பெரம்பலூரில் ரேடியேட்டருக்குத் தண்ணீர், உளுந்தூர்பேட்டையில் மனிதர்களுக்கு இட்லி, விழுப்புரத்தில் ஒரு பஞ்சர். திண்டிவனம் தாண்டினால் ஊர் சேர்ந்த மாதிரி. சாயங்காலத்துக்குள் தாம்பரம் பார்த்துவிட்டால் டிரைவர் ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். அந்த இரும்புப் பாலத்தின் தூண்களை 2018 ஆகஸ்ட் வெள்ளம் சாய்த்தது. டி.வி.யில் அதைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது அதன் மேல் எங்கள் கார் எழுப்பிய சத்தம்.

மாருதி வந்த பிறகு

1983 டிசம்பர் 14-ல் டெல்லியில் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். திருச்சித் தெருக்களுக்கு அது வந்து சேர்ந்தபோது வேப்ப மரத்தடியில் சிரித்தார்கள். தகர டப்பா, மூன்று சிலிண்டர், 796 சி.சி., தள்ளிப் பார்த்தால் குழந்தைகூடத் தள்ளும். சிரித்தவர்கள் விரைவிலேயே நிறுத்திவிட்டார்கள். சாவியைத் திருகினால் கிளம்பியது. நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டவில்லை. பெண்கள் தயங்காமல் ஓட்டினார்கள். அம்பாசிடரின் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டத் தேவையில்லாத முதல் கார் அது. இதைச் சொல்லாமல் பழசை மட்டும் பாடுகிற கட்டுரைகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. பெரும்பாலான பெண்களுக்கு அந்தப் பொற்காலத்தில் பின்சீட்டுதான் கிடைத்தது.

பிரீமியர் பத்மினி என்று 1974-ல் பெயர் மாறிய ஃபியட், புத்தாயிரம் பிறந்ததும் நின்றது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளில் கடைசியும் 2023 அக்டோபரில் ஓய்ந்தது. 800-ம் அம்பாசிடரும் ஒரே வருஷம், 2014-ல், உற்பத்தியை முடித்துக்கொண்டன. கிழவனைத் துரத்த வந்த பேரனும் அவனோடேயே கிளம்பிவிட்டான்.

மிச்சம் என்ன? தில்லை நகரில், கன்டோன்மென்ட்டில், ஸ்ரீரங்கத்து அடையவளைந்தான் வீதிகளில் தார்ப்பாய் போர்த்திய உருவங்கள் இன்னும் சில உண்டு. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இப்போதைய தலைவலி பெட்ரோல். பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பர் குழாயையும் கார்பரேட்டர் வாஷரையும் இளக்கும், ஈரத்தை இழுக்கும். ஒரு மாதம் நிறுத்திவைத்தால் டேங்க்கின் அடியில் துரு. குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். மாற்றிக் கொடுக்கிற மெக்கானிக்கும் எழுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுக்குப் பிறகு 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு புதிய எண், பத்து வருஷத்துக்கு. தினசரி ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. இதெல்லாம் சரி. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: வண்டி அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், உடல், என்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

அப்படியானால் யாருக்குக் கிடைக்கும் அந்த எண்? வாங்கியதிலிருந்து கொட்டகையிலேயே நின்ற கார்களுக்குக் கிடைக்கும். பட்டை தீட்டிய வெளிநாட்டு உதிரிபாகங்களை வரவழைத்துப் பூட்ட வசதி உள்ளவர்களுக்குக் கிடைக்கும். எங்கள் வீதிகளைச் சுற்றிய டீசல் வயிற்று பிளைமவுத்துக்குக் கிடைக்காது. சட்டம் போட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; உலகம் முழுவதும் சேகரிப்பாளர்களின் கணக்கு அதுதான். ஆனால் நம் ஊரில் கார் பிழைத்த விதம் அதற்கு நேர் எதிர். கரி அடுப்பைக் கட்டினோம், லாரி என்ஜினைப் பூட்டினோம், பொன்மலைக்காரர் கடைந்த புஷ்ஷைப் போட்டோம். அந்த வண்டிகளில் டெட்ராய்ட்டின் பங்கைவிடத் திருச்சியின் பங்கு அதிகம்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு பெயர் சொல்லும் கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. பளபளக்கும் வண்டிகளை ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம். திருச்சியிலும் ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். வைத்தால் டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் வைக்கட்டும். வாசலிலேயே பெர்கின்ஸ் பூட்டிய ஒரு பிளைமவுத்தை நிறுத்தட்டும். பானெட்டை மட்டும் மூடிவிடக் கூடாது. அந்த என்ஜினை எந்தப் பட்டறையில், யார் எப்படிப் பொருத்தினார்கள் என்று பக்கத்தில் ஒரு பலகை எழுதி வைக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.